நான் உனக்காக ஓடவில்லை

தணிகை,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். அன்பு எங்கும் போய்விடவில்லை. ஆனால் இன்று என் கையைப் பிடித்து எழுத வைப்பது அது இல்லை, கோபம். உறையை ஒட்டாமல்தான் அனுப்பப் போகிறேன். தபால்காரர் படிக்கட்டும், உன் குவார்ட்டர்ஸ் வாட்ச்மேன் படிக்கட்டும், உன் மேல்வீட்டு சூப்பர்வைசரின் மனைவி வாய்விட்டுப் படிக்கட்டும். முக்கியமாக மஞ்சுளா படிக்கட்டும். நான் வாழ்நாள் முழுவதும் குரலைத் தாழ்த்தியே பேசியவள், அதிலும் பாதியை விழுங்கியவள். அது உனக்கே தெரியும். இந்த ஒன்றை மட்டும் விழுங்குவதாக இல்லை.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நலம் விசாரிப்பெல்லாம் ஒழுங்காக இருந்தது. அதற்குக் கீழே விஷயம். மஞ்சுளா தினமும் விடியற்காலையில் குவார்ட்டர்ஸ் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறாளாம். மேல்வீட்டு அம்மா உன்னை மாடிப்படியில் நிறுத்தி, "உங்க வீட்டம்மாவ யாராவது தொரத்திகினு வராங்களா தம்பி?" என்று கேட்டுச் சிரித்தாராம். உனக்கு மானம் போய்விட்டதாம். அதனால் அவளுடைய கான்வாஸ் ஷூவை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாயாம், சாவி உன் சட்டைப் பையில் இருக்கிறதாம். கல்யாணமாகி நான்கு மாதம் ஆன பெண்ணின் செருப்பைப் பூட்டி வைத்ததை, குழாய் ரிப்பேர் செய்ததை எழுதுவதுபோல எழுதியிருந்தாய். அதோடு முடித்திருந்தால்கூட நேரில் வந்து பேசிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பேன். கடைசியில் எழுதினாயே, அது என்ன? "நீங்கள் வந்து அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள் அம்மா. நீங்களும் ஓடினீர்கள். ஆனால் எனக்காக ஓடினீர்கள், அதில் ஓர் அர்த்தம் இருந்தது. இவள் எதற்காக ஓடுகிறாள்?"

இதைப் படித்தபோது உன் அப்பா பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

நீ சின்ன வயதிலிருந்து இந்தக் கதையைச் சொல்லி வருகிறாய். பள்ளிக்கூடத்தில் சொன்னாய், காலேஜில் சொன்னாய், உன் கல்யாணத்தன்று பெண் வீட்டார் நடுவில் நின்றும் சொன்னாய். "எங்கம்மா என்னைப் பெறுவதற்காக திருத்தணி மலையைச் சுற்றி மூன்று வருடம் ஓடினார்கள்." எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் கையெடுத்துக் கும்பிட, மற்றவர்களும் கும்பிட்டார்கள். எனக்கு மேடையிலிருந்து இறங்கி எங்காவது மறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. கூச்சத்தால் என்று நினைத்திருப்பாய். பொய்யைக் கும்பிட்டால் எப்படி இருக்கும்? மஞ்சுளா மட்டும் கும்பிடவில்லை. மறுநாள் சமையலறையில் நான் தனியாக இருந்தபோது வந்து, வெங்காயம் உரிப்பதுபோல உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டாள்: "அத்தை, ஓடும்போது நல்லா இருந்துச்சா?"

இத்தனை வருடங்களில் அதை யாருமே என்னிடம் கேட்டதில்லை. பலன் கிடைத்ததா என்று கேட்டிருக்கிறார்கள். எத்தனை சுற்று என்று கேட்டிருக்கிறார்கள். நல்லா இருந்துச்சா என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் உன் சித்தி காபிக்கு வந்துவிட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன். அவளுக்குச் சொல்ல வேண்டிய அந்தப் பதிலைத்தான் இப்போது உனக்கு எழுதுகிறேன். நீயும் தெரிந்துகொள்.

நான் கே.ஜி.கண்டிகைக்காரி. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்ததும் நான்தான் முதலில், காலேஜ் போனதும் நான்தான் முதலில். பள்ளிக்கூடத்துக்குத் தினமும் ஓடித்தான் போவேன். வீட்டு வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினால் ஓடினால்தான் மணியடிப்பதற்குள் சேர முடியும். அந்த ஓட்டத்தை யாரும் ஓட்டம் என்றே நினைக்கவில்லை. பிறகு மெட்ராஸில் காலேஜ் ஹாஸ்டல். கூடப் படித்த பெண்கள் எல்லோரும் பேச்சில் கெட்டிக்காரிகள். நான் வாயைத் திறந்தால் ஊர் வழக்கு வந்துவிடும் என்று பயந்து வாயையே திறக்க மாட்டேன். ஒருநாள் விடியற்காலையில் ஹாஸ்டல் மைதானத்தில் யாரும் இல்லை. எந்த மணியும் அடிக்கப் போவதில்லை, எந்த இடத்துக்கும் போய்ச் சேர வேண்டியதில்லை. சும்மா ஓடிப் பார்த்தேன். இரண்டாவது சுற்றில் மூச்சு முட்டியது. நான்காவது சுற்றில் முட்டிய மூச்சு தானாகவே ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஓடுவது கால் இல்லை தணிகை, எது ஓடுகிறது என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியாது. யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், யாருக்கும் பதில் சொல்லாமல், நான் முழுசாக நானாக இருந்த முதல் அரைமணி நேரம் அது. பட்டம் வாங்கியபோதுகூட அவ்வளவு சந்தோஷம் வரவில்லை.

கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது. முகம் காட்டாமல் பேசுகிற வேலை என்பதால் என்னைப் போன்றவளுக்கு அது வரம். காலை ஷிப்டுக்கு முன்னால் குளத்துக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வருவேன். அங்கிருந்து பார்த்தால் மலையடியைச் சுற்றிக்கொண்டு ஒரு மண்பாதை போகும். தினமும் அந்தப் பாதையைப் பார்த்துவிட்டுக் குடத்தோடு திரும்புவேன். ஒருநாள் குடத்தைப் படியில் வைத்துவிட்டு ஓடிவிட்டேன். மார்கழிப் பனி, மேலே கோயிலில் மணி, கீழே ரேணிகுண்டா பாசஞ்சர் கூவிக்கொண்டு போகிறது, நடுவில் நான் புடவையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு. ஒரே சுற்று. திரும்பி வந்து குடத்தைத் தூக்கினால் சிரிப்பு வருகிறது. வீட்டுக்குப் போனால் எனக்கு முன்னால் செய்தி போயிருந்தது. பால்காரம்மாள் சொல்லிவிட்டாள்.

என் மாமியார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "குடத்த வெச்சிட்டு மலையச் சுத்தி ஓடினியாமே? இன்னாத்துக்கும்மா?" கத்தவில்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பிடித்திருந்தது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை தொண்டையைத் தாண்டி வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொரு வார்த்தை வந்தது. "வேண்டுதல்."

அதைக் கேட்டதும் அவர் முகம் அப்படியே மாறியது. என்ன வேண்டுதல் என்று கேட்கவே இல்லை. கல்யாணமாகி ஒரு வருடம் கழிந்தும் வயிற்றில் ஒன்றும் தங்காத மருமகளுக்கு என்ன வேண்டுதல் இருக்கும் என்று அவரே முடிவு செய்துகொண்டார். கண் கலங்கிவிட்டது. அடுத்த கிருத்திகைக்கு என்னை மலைக்கு அழைத்துப்போய்க் கழுத்தில் மாலை போடவைத்தார், மஞ்சள் புடவை வாங்கிக் கொடுத்தார். இந்த ஊரில் மஞ்சள் கட்டி மாலை போட்டவளை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்பது உனக்கே தெரியும். காவடி எடுத்து ஆடிக்கொண்டு வருகிறவனுக்குப் பஸ்ஸே நின்று வழி விடுகிற ஊர். ஒரே நாளில் நான் பைத்தியத்திலிருந்து சாமி ஆகிவிட்டேன். முந்தின வாரம் என்னைப் பார்த்துச் சிரித்த பால்காரம்மாள், "சாமி போவுது, மாட்ட ஓரமாப் புடி" என்று மகனிடம் சொன்னாள்.

அந்த மூன்று வருடத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கால் துறுதுறுக்கிறது. தனியாக ஓடவில்லை. குளத்துக்குப் பின்னால் நெசவுத் தெரு. பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்து அங்கே தறி போட்டிருந்தவரின் மனைவி நாகம்மா. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். புருஷனைப் 'பாவா' என்பாள். அவளும் மஞ்சள் புடவை, அவளும் மாலை. முதல் நாள் பாதையில் என்னை எட்டிப் பிடித்து, மூச்சு வாங்காமல் கேட்டாள்.

"ஏ டெலிபோனு, உனுக்கு இன்னா வேண்டுதல்?"

"குழந்தை" என்றேன்.

"நெஜமாவா?"

நான் வேகத்தைக் கூட்டினேன். அவள் சிரித்தாள்.

"எனுக்கு எங்க பாவா குடிய நிறுத்தணும்னு. ஊர்ல அப்பிடித்தான் சொல்லிகினு கீறேன். ஆனா அவரு நிறுத்திட்டார்னா என் ஓட்டம் பூடும் பாரு. அதனால சாமிகிட்ட, மெதுவா நிறுத்து, ஒண்ணும் அவசரம் இல்லன்னு சொல்லி வெச்சிகீறேன்."

சிரித்துச் சிரித்து எனக்கு விலாவில் பிடித்துக்கொண்டது. மஞ்சள் கட்டிய இரண்டு பெண்கள் பாதையோரம் குந்திச் சிரிப்பதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தோம்.

மூன்றாவது ஆள் கோதண்டம். கனகம்மாசத்திரம் போகிற பஸ்ஸில் கண்டக்டர். முதல் டிரிப்புக்கு முன்னால் காக்கி அரை நிஜாரோடு வந்துவிடுவார். அவர் கழுத்தில் மாலையும் இல்லை, இடுப்பில் மஞ்சளும் இல்லை. "உங்களுக்கு இன்னா வேண்டுதல் கண்டக்டரே?" என்று நாகம்மா கேட்டாள். "தொந்திம்மா. பஸ்ஸுல ரெண்டு சீட்டுக்கு நடுவுல பூந்து போவ முடியல" என்றார். அவ்வளவுதான். ஓர் ஆம்பளைக்குத் தொந்தி போதும். எங்களுக்குக் குடிகாரப் புருஷன் வேண்டும், காலி வயிறு வேண்டும். அன்றைக்கு இதையும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டோம். இன்று எழுதும்போது பேனா அழுந்துகிறது.

ஆனால் கோதண்டம் நல்ல மனுஷன். எங்களுக்கு முன்னால் ஓடி, கல் கிடந்தால் "கல்லு!" என்பார், முள் கிடந்தால் "முள்ளு!" என்பார், ஏற்றம் முடிந்தால் "எறங்கு, எறங்கு, ஹோல்டான்!" என்று டிக்கெட் கிழிக்கிற குரலில் கத்துவார். யாராவது ஒருவர் ஒருநாள் வராவிட்டால் மற்ற இருவருக்கும் அன்றைய பொழுது சரியாக விடியாது. நாங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. ஒருவர் வீட்டில் என்ன சமையல் என்று மற்றவருக்குத் தெரியாது. ஆனால் மூச்சை வைத்தே சொல்லிவிடுவோம். நாகம்மாவின் மூச்சு சத்தமாக வந்தால் முந்தின நாள் வீட்டில் சண்டை. என் மூச்சு அடங்கி வந்தால் எக்ஸ்சேஞ்சில் யாரோ திட்டியிருக்கிறார்கள். கேட்க மாட்டார்கள். கொஞ்சம் மெதுவாக ஓடுவார்கள், அவ்வளவுதான். எனக்குப் பேசாமலே கிடைத்த சிநேகிதம் அது. உன் கம்பெனியில் உனக்கு எத்தனை சிநேகிதர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார். உன் மூச்சை வைத்து உன்னைத் தெரிந்துகொள்கிறவர் அதில் யாராவது உண்டா?

ஒருநாள் நெசவுத் தெருவழியாக நாங்கள் திரும்பிக்கொண்டிருந்தோம். விடியலில் அந்தத் தெரு நீளத்துக்கும் பாவு கட்டியிருப்பார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் ஓடி ஓடிக் கட்டையால் நீவுவார்கள். நாகம்மாவும் மற்ற நாட்களில் அந்த வேலை செய்கிறவள்தான். அன்று அவளுடைய புருஷன் பாவுக்கு அந்தப் பக்கம் நின்று, கண் சிவக்க எங்களைப் பார்த்து, "இன்னா, ஊர்வலம் முடிஞ்சிதா?" என்றான். நாகம்மா நிற்காமல் சொன்னாள்: "பாவு பக்கத்துல ஓடினா வேல. பாவு இல்லாம ஓடினா ஊர்வலமா? காலு ஒரே காலுதான பாவா!" தெருவே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டான்.

பிறகு நீ பிறந்தாய்.

நீ பிறந்ததில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இந்தக் கோபத்தில் நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. உனக்குத் தணிகைவேல் என்று பெயர் வைத்ததும், மலையில் மொட்டை அடித்துச் சந்தனம் பூசியதும் எனக்குப் பிடித்துத்தான் செய்தேன். ஆனால் அன்றே என் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றிவிட்டார்கள். வேண்டுதல் பலித்துவிட்டதல்லவா? உனக்குப் பல் முளைத்த பிறகு, ஒரு காலையில் உன்னைத் தூங்கவைத்துவிட்டு மறுபடி ஓடப் போனேன். மாலை இல்லை, மஞ்சள் இல்லை. திரும்பி வந்தால் மாமியார் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். "புள்ளதான் குடுத்துட்டாரே, இன்னும் எதுக்கும்மா போயி அவரத் தொந்தரவு பண்ற? பேராசைன்னு சாமி கோச்சிக்கப் போவுது. குடுத்தத எடுத்துக்கப் போவுது." அவர் கெட்டவர் இல்லை, தணிகை. உன்னை நினைத்துத்தான் அவருக்கு அவ்வளவு பயம். அந்தப் பயத்துக்கு முன்னால் நான் என்ன சொல்லியிருக்க முடியும்? நான் கேட்கப் போகவில்லை, சும்மா ஓடப் போனேன் என்றா? அதைச் சொல்ல வேண்டிய நாளில் சொல்லாமல் விட்டாயிற்று. என் ஒரு வார்த்தைப் பொய் எனக்குப் பாதையைத் திறந்தது, அதே பொய் அதை மூடியும் விட்டது.

இப்போது நான் எழுதப் போவதை உன்னிடம் எழுதவே கூடாது என்று உன் அப்பா சொல்கிறார். எழுதுகிறேன். உனக்கு நான்கு வயதில் டைபாய்டு வந்தது. ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். உன் ஜுரம் இறங்கவேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. மாமியார் வந்து, "மறுபடியும் மாலை போட்டுக்கோம்மா" என்றார். அந்த நிமிஷம், உன் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டபடியே, என் கால் இரண்டும் தனியாகச் சந்தோஷப்பட்டன. பெற்ற பிள்ளை படுத்துக் கிடக்கும்போது! அந்த வெட்கத்தை இத்தனை வருடம் சுமந்தேன். என் மேல்தான் தப்பு என்று நினைத்தேன். உன் கடிதம் வந்த பிறகுதான் கோபம் சரியான பக்கம் திரும்பியது. வீட்டுக்கு ஒரு கேடு வந்தால்தான் ஒரு பெண் ஓடலாம் என்றால், வெட்கப்பட வேண்டியது அந்தப் பெண்ணா? உனக்கு டைபாய்டு, நான் ஓடினேன். உன் அப்பாவுக்கு ஆபரேஷன், நான் ஓடினேன். உன் பத்தாவது பரீட்சை, உன் காலேஜ் சீட்டு, நான் ஓடினேன். நீ வேலைக்குப் போனாய், வீட்டில் எல்லோரும் சுகம், குறை ஒன்றும் இல்லை. நான் நின்றுவிட்டேன். நம் வீட்டில் துன்பம் இல்லாமல் போனதால் எனக்கு ஓட்டமும் இல்லாமல் போனது. இதுதான் நீ கல்யாணத்தில் சொன்ன கதையின் மறுபக்கம்.

நாகம்மாவுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. அவள் புருஷன் குடியை நிறுத்தவில்லை, குடி அவனை நிறுத்தியது. சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய மாலையை அறுத்து மூலையில் போட்டிருந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "வேண்டுதல்னு சொல்லிகினு சிரிச்சிகினேதான ஓடினா? நானே பார்த்தேன். அப்புறம் சாமி எப்பிடிக் கேக்கும்?" அன்று பாதையோரம் நாங்கள் சிரித்ததை யாரோ பார்த்துத்தான் இருந்திருக்கிறார்கள். நாகம்மா தலை நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். என்னைத்தான் தேடினாள். அந்தச் சிரிப்பில் எனக்கும் பங்கு உண்டு, அவள் புருஷன் செத்ததற்கும் சிரிப்புக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். படித்தவள் வேறு. என் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் ஓடவே இல்லை. பொதட்டூர்பேட்டைக்கே திரும்பிப் போய்விட்டாள்.

உன் கடிதம் வந்த மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறி அவளைப் பார்க்கப் போனேன். வீடு முழுக்கப் பவர்லூம் இரைச்சல். நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை எடுக்காமலே, "வா டெலிபோனு, லைன் கெடைக்க இவ்ளோ வருஷம் ஆச்சா?" என்றாள். அந்தச் சாவு வீட்டில் நான் வாயைத் திறக்காததைச் சொல்லி அழுதேன். "அத வுடு. நீ பேச மாட்டன்னு எனுக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான பார்த்தேன்" என்றாள். பிறகு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தறி இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் படித்தேன். ஷூவைப் பீரோவில் பூட்டிய இடத்தில் சுற்றுவதை நிறுத்தினாள்.

"பூட்டிட்டானா? உன் புள்ளையா?"

"ஆங்."

"அவன் ஊட்டு வாசல்ல பாவு ஒண்ணு கட்டச் சொல்லு. அந்தப் பொண்ணு பக்கத்துல ஓடட்டும். வேலைன்னு நெனச்சிக்குவாங்க." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "எனுக்கு முட்டி போச்சுடி. இப்ப எவனாவது வந்து, நாகம்மா, நீ சும்மாவே ஓடலாம்னு சொன்னாகூட ஓட முடியாது."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, தணிகை. அவள் புருஷன் போனதுகூட இல்லை. ஓட வேண்டிய வருடங்கள் எல்லாம் அவளிடம் இருந்தன, கால் இருந்தது, மூச்சு இருந்தது. காரணம் மட்டும் இல்லை என்று எல்லாவற்றையும் மூலையில் போட்டு வைத்தாள். இப்போது முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மஞ்சுளாவுக்கு இருபத்திரண்டு வயது. அவளை அந்த மூலையில் உட்கார வைக்கிற வேலையை நீ ஆரம்பித்துவிட்டாய். அதுவும் என் பெயரைச் சொல்லி ஆரம்பித்திருக்கிறாய்.

அதனால் நன்றாகக் கேட்டுக்கொள். நான் உனக்காக ஓடவில்லை. உனக்கு முன்பிருந்தே ஓடினேன். நீ பிறக்காமல் போயிருந்தாலும் ஓடியிருப்பேன், இன்னும் அதிக வருடம் ஓடியிருப்பேன். எனக்குப் பிடித்திருந்தது. பனியில் கால் சில்லிட்டுப் பிறகு சூடாவது பிடித்திருந்தது. பாதை திரும்புகிற இடத்தில் மேலேயிருந்து சாம்பிராணி வாசனை இறங்கி வருவது பிடித்திருந்தது. வியர்வையோடு எக்ஸ்சேஞ்சுக்குப் போய் "நம்பர் சொல்லுங்க" என்று சொல்லும்போது குரலில் ஒரு தெம்பு இருப்பது பிடித்திருந்தது. இதற்கு மேல் ஓர் அர்த்தம் வேண்டும் என்கிறாயா? நீ ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடுகிறாயே, யாருக்கு என்ன நோய் தீர ஆடுகிறாய்?

உன் அப்பா இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, "காரம் கொஞ்சம் தூக்கலா கீது" என்கிறார். அந்தக் காலத்தில் அவருக்கு எல்லாம் தெரியும். வேண்டுதல் இல்லை என்பது முதல் மாதமே தெரியும். "பார்த்துப் போ, கல்லு இருக்கும்" என்பார், என் மஞ்சள் புடவையைக் கொடியில் அவரே உலர்த்துவார். ஆனால் தன் அம்மா எதிரில் ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை. "நீங்களும் நாலு வரி எழுதுங்க" என்று பேனாவை நீட்டினேன். பேனாவை வாங்காமலே, "தொறந்துடச் சொல்லு" என்றார். அது அவருடைய வரி. எழுதிவிட்டேன்.

இன்று விடியற்காலையில் எழுந்து மலையடிக்குப் போனேன். மஞ்சள் புடவை பெட்டியில்தான் இருக்கிறது. அதை எடுக்கவில்லை. எக்ஸ்சேஞ்சுக்குக் கட்டுகிற நீலப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். பாதையில் இப்போது தார் போட்டுவிட்டார்கள். முழுச் சுற்று ஓட முடியவில்லை, பாதி ஓடினேன், பாதி நடந்தேன். மூச்சுக்குப் பழைய வழி மறந்துபோயிருந்தது. ஆனால் அந்தத் திருப்பத்தில் சாம்பிராணி வாசனை அப்படியே இருந்தது. குளத்துப் பக்கம் டீக்கடைக்காரர் பாய்லரில் கரி போட்டுக்கொண்டிருந்தார். என்னை வெகுகாலமாகத் தெரிந்தவர். என் கழுத்தைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், பதறிவிட்டார்.

"இன்னாம்மா, மறுபடியும் ஓடறீங்க? புள்ளைக்கு ஏதாவது ஒடம்பு கிடம்பு...? இன்னா வேண்டுதல்?"

நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று காத்திருந்தேன். ஒட்டவில்லை.

"ஒரு வேண்டுதலும் இல்லப்பா. எல்லாரும் நல்லாத்தான் கீறாங்க. எனுக்குப் புடிச்சிருக்கு, ஓடறேன்."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இதற்காகத்தானே இத்தனை வருடம் பயந்தேன், இனி என்ன ஆகுமோ என்று நானும் நின்றேன். "ஆங்" என்றார். "அப்ப டீ போடட்டுங்களா?"

அவ்வளவுதான், தணிகை. மலை அங்கேயே இருந்தது. நான் டீ குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ரயிலில் வருகிறேன். நீ கேட்டபடியே எடுத்துச் சொல்லத்தான் வருகிறேன், மஞ்சுளாவுக்கு இல்லை. அவள் என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் சொல்லிவிட்டு, மறுநாள் விடியலில் அவளோடு மைதானத்துக்குப் போவேன். அவள் எனக்காக மெதுவாக ஓட வேண்டியிருக்கும். மெதுவாக ஓடுவாள், அவளை எனக்குத் தெரியும். நான் வந்து சேரும்போது அந்தப் பீரோ திறந்திருக்க வேண்டும். எனக்கு ஷூ வேண்டாம், வெறுங்கால் போதும். மேல்வீட்டு அம்மா மாடிப்படியில் நின்று, யார் துரத்துகிறார்கள் என்று கேட்டால், நீ உள்ளே போய்விடு. நான் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு இப்போது சொல்ல வருகிறது.

உன் அம்மா